முகம் எழுதிய முகலாயர்

1618-ஆம் ஆண்டு. பேரரசர் ஜஹாங்கீரின் முன்னால் ஒரு நோயாளியைப் பல்லக்கில் தூக்கிவந்து இறக்கினார்கள். அவர் இனாயத் கான். பேரரசருக்கு நெருக்கமான அதிகாரி. அபினும் மதுவும் சேர்ந்து அவர் உடலைக் கரைத்துவிட்டிருந்தன. ஆக்ராவுக்குப் போக விடை கேட்டு வந்தவரைப் பார்த்ததும் ஜஹாங்கீர் திகைத்துப்போனார். ஒரு மனித உடம்பு இந்த அளவுக்கு மெலிய முடியுமா என்று வியந்து, ஓவியர்களை அழைத்து அவரைப் படமாக எழுதச் சொன்னார். மறுநாள் இனாயத் கான் இறந்துபோனார். இவ்வளவையும் ஜஹாங்கீரே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார்.

அந்தப் படங்கள் இன்றும் இருக்கின்றன. கோட்டோவியம் அமெரிக்காவில், பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில். வண்ணம் தீட்டியது இங்கிலாந்தில், ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில். திண்டுகளில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார் இனாயத் கான். திறந்த மேலங்கிக்குள் விலா எலும்புகளை எண்ணிவிடலாம். கண்கள் எதிரே எதையோ வெறிக்கின்றன. சாகக் கிடப்பவரைப் படமெழுதச் சொன்னது கல்நெஞ்சம் என்று தோன்றலாம். ஓவியத்தைப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. அதில் ஏளனம் இல்லை, அழுகையும் இல்லை. ஒரு மனிதன் கடைசி நாளில் எப்படி இருந்தானோ அப்படியே அவனைப் பார்த்துவைத்த ஒரு கண் மட்டும் இருக்கிறது.

முகலாய ஓவியம் உலகக் கலைக்குத் தந்தவற்றில் இந்தப் பார்வைதான் முதன்மையானது. உள்ளங்கை அகலத் தாளில், ஒருவரின் முகம் இன்னொருவரின் முகம் ஆகாதபடி எழுதிக்காட்டினார்கள் அந்த ஓவியர்கள்.

அது ஒரே நாளில் வந்துவிடவில்லை. முகலாயர்களின் தொடக்கக்கால ஓவியம் பாரசீகத்திலிருந்து வந்தது. ஆட்சியை இழந்து ஈரானில் தஞ்சமடைந்த ஹுமாயூன், அங்கே ஷா தஹ்மாஸ்பின் அவையில் இருந்த ஓவியக் கலையில் மனம் பறிகொடுத்தார். மீர் சையித் அலி, அப்துஸ் ஸமத் என்ற இரண்டு தேர்ந்த ஓவியர்கள் பின்னர் காபூலில் அவரிடம் வந்து சேர்ந்தனர். 1555-இல் டெல்லி மீண்டும் ஹுமாயூன் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டே அவர் இறந்தார். ஓவியர்கள் அவர் மகன் அக்பருக்கு வாய்த்தார்கள். அந்தப் பாரசீகப் பாணியில் எல்லா இளவரசர்களுக்கும் ஒரே நிலா முகம். உடையையும் கிரீடத்தையும் வைத்துத்தான் யார் எவர் என்று கண்டுபிடிக்க வேண்டும். அக்பருக்கு அது போதவில்லை.

அக்பரின் ஓவியக்கூடத்தில் பாரசீக ஆசிரியர்களின் கீழ் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இந்த மண்ணின் இந்து ஓவியர்கள். பல்லக்குத் தூக்கியின் மகனான தஸ்வந்த் அவர்களில் ஒருவர், பசாவன் இன்னொருவர். அயின்-இ-அக்பரி நூலில் அபுல் ஃபஸ்ல் பதினேழு ஓவியர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். வாரந்தோறும் படங்கள் பேரரசரின் பார்வைக்கு வரும், வேலையின் தரத்துக்கேற்ப பரிசும் சம்பள உயர்வும் கிடைக்கும் என்றும் எழுதுகிறார். அக்பர் தம் உருவத்தை எழுத உட்கார்ந்ததோடு, அரசின் பெருமக்கள் எல்லாருடைய உருவங்களையும் எழுதச் செய்து ஒரு பெரிய ஆல்பமாகச் சேர்த்தார் என்பதும் அபுல் ஃபஸ்ல் தரும் செய்திதான். தம்மைச் சுற்றியிருந்த மனிதர்களின் சாயலைத் தாளில் சேர்த்துவைக்க வேண்டும் என்ற ஆசை இந்தியாவில் இந்த அளவில் எழுந்தது அப்போதுதான்.

இன்னொரு ஊற்றும் வந்து கலந்தது. 1580-இல் கோவாவிலிருந்து ஃபத்தேபூர் சிக்ரிக்கு வந்த ஏசு சபைப் பாதிரியார்கள், ஆன்ட்வெர்ப் நகரில் அச்சான பல மொழி விவிலியத்தை அக்பருக்குக் கொடுத்தார்கள். அதன் செதுக்குப் படங்களில் ஒளியும் நிழலும் உடலைத் திரட்டிக் காட்டின. அக்பரின் ஓவியர்கள் அவற்றைப் பார்த்து எழுதிப் பழகினார்கள். ஆனால் கன்னத்தின் ஓரத்தில் வரும் அந்த மெல்லிய நிழலை மட்டும் எடுத்துக்கொண்டு, ஐரோப்பியரின் கரிய இருளை விட்டுவிட்டார்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்ற அந்தத் தெளிவு வியக்கவைக்கிறது.

வேலை நடந்த விதத்தைத் தெரிந்துகொண்டால் படத்தின் மேல் மதிப்பு கூடும். பல தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, கெட்டியான ஒரே அட்டையாக்குவார்கள். அதற்கு வஸ்லி என்று பெயர். மேல்பரப்பை அகேட் கல்லால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். முதல் கோடுகள் போட்டதும் அவற்றின் மேல் மெல்லிய வெள்ளைப் பூச்சு. அதன் மேல் மறுபடியும் திருத்திய கோடுகள். பிறகு அடுக்கடுக்காக வண்ணம். இடையிடையே படத்தைக் கவிழ்த்துப் பின்புறம் கல்லால் தேய்ப்பார்கள். வண்ணம் தாளோடு ஒன்றிப் பளபளக்கும். நீலத்துக்கு ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலையிலிருந்து வரும் லாபிஸ் லாசுலி கல், சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம், கருநீலத்துக்கு அவுரி. எல்லாவற்றையும் அரைத்துப் பிசினில் குழைப்பார்கள். தூரிகை, அணில் வால் மயிரால் ஆனது. பொன் பூசிய இடத்தை ஊசி முனையால் குத்திவிட்டால் ஒளி பட்டுச் சிதறி நிஜ நகை போல மினுங்கும். முத்துகளை வெள்ளை வண்ணத்தால் சற்றே மேடாக, துளித் துளியாக வைப்பார்கள். விரலால் தடவினால் தட்டுப்படும்.

அக்பர் காலத்தில் ஒரே படத்தைப் பலர் சேர்ந்து எழுதுவது வழக்கம். வரைவு ஒருவர், வண்ணம் இன்னொருவர். முக்கியமான முகங்கள் வந்தால் அதற்கென்றே ஒருவர். பல ஏடுகளின் அடியில் எழுத்தர்கள் இந்தப் பிரிவினையைச் சிறு எழுத்தில் குறித்திருக்கிறார்கள். முகம் எழுதுவது தனித் திறமை என்று அந்தக் கூடமே ஒப்புக்கொண்டதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஜஹாங்கீர் 1605-இல் அரியணை ஏறியதும் இந்தக் கூட்டு முறை தலைகீழானது. அவருக்குப் பெரிய கூடம் வேண்டாம். தேர்ந்தெடுத்த சிலர் போதும். ஒரு படம், ஒரு கை. எந்தப் படத்தைப் பார்த்தாலும் அது யார் எழுதியது என்று சொல்லிவிடுவேன், ஒரே முகத்தில் கண்ணை ஒருவரும் புருவத்தை வேறொருவரும் எழுதியிருந்தாலும் பிரித்துக் காட்டுவேன் என்பது அவர் நினைவுக் குறிப்பில் சொல்லிக்கொண்ட பெருமை. அபுல் ஹசனுக்கு ‘காலத்தின் அதிசயம்’ என்ற பொருளில் நாதிருஸ் ஸமான் என்ற பட்டம் கொடுத்தார். விலங்குகளையும் பறவைகளையும் எழுதிய மன்சூருக்கும் அதற்கு இணையான பட்டம். 1621-இல் ஒரு வரிக்குதிரை அவைக்கு வந்தபோது, யாரோ குதிரைமேல் கோடு போட்டுவிட்டார்களோ என்ற சந்தேகம்கூட எழுந்தது. மன்சூர் எழுதிய அந்த வரிக்குதிரை இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதுவும் ஓர் உருவப்படம்தான். ஏதோ ஒரு வரிக்குதிரை என்று அதைச் சொல்ல முடியாது. அன்று அவையில் நின்ற அந்த ஒன்றேதான் அது.

பிஷன்தாஸ் என்ற ஓவியரின் கதை இந்த ஆர்வத்தின் அளவைக் காட்டும். ஈரானுக்கு கான் ஆலம் தலைமையில் தூதுக்குழுவை அனுப்பியபோது, ஷா அப்பாஸின் முகத்தை நேரில் பார்த்து எழுதிவரும்படி பிஷன்தாஸையும் ஜஹாங்கீர் கூடவே அனுப்பினார். அவர் திரும்பிவந்தது 1620-இல். ஷாவை நேரில் அறிந்தவர்கள் படத்தைப் பார்த்து அச்சு அசல் அவரே என்றார்கள். ஓவியருக்கு யானை ஒன்று பரிசாகக் கிடைத்தது. ஜஹாங்கீரும் ஷா அப்பாஸும் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை.

ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோவும் இதில் மாட்டிக்கொண்டார். அவர் காட்டிய ஒரு சிறிய ஆங்கில ஓவியத்தை எங்கள் ஆட்களும் எழுதுவார்கள் என்று ஜஹாங்கீர் சொன்னதை ரோ நம்பவில்லை. சில நாள் கழித்து ஓரிரவு அழைப்பு வந்தது. ஒரு பலகையில் ஆறு படங்கள். ஐந்து நகல், ஒன்று அவருடையது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் எது தன்னுடையது என்று பிரித்தறியச் சற்றுத் திணறியதை ரோ தம் நாட்குறிப்பில் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

உண்மை முகத்தை எழுதத் தெரிந்த கை, பேரரசரின் கனவையும் அதே உண்மைபோல எழுதிக்கொடுத்தது. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். தக்காணத்தில் முகலாயப் படையைத் திரும்பத் திரும்ப விரட்டிய மாலிக் அம்பரை ஜஹாங்கீரால் கடைசிவரை பிடிக்க முடியவில்லை. அபுல் ஹசன் எழுதிய படத்திலோ, ஈட்டியில் செருகிய மாலிக் அம்பரின் தலையை நோக்கி ஜஹாங்கீர் அம்பு விடுகிறார். அது டப்ளின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது.

பிச்சித்ர் எழுதிய இன்னொரு படம் இதைவிட நுட்பமானது. வாஷிங்டனின் ஃப்ரீர் காட்சிக்கூடத்தில் உள்ளது. மணல் கடிகாரத்தையே ஆசனமாக்கி அமர்ந்திருக்கும் ஜஹாங்கீர், ஒரு சூஃபிப் பெரியவருக்குப் புத்தகம் ஒன்றைக் கொடுக்கிறார். அடுத்து வரிசையில் காத்திருப்பவர்கள் யார்? துருக்கி சுல்தான் ஒருவர். ஆங்கிலப் படம் ஒன்றைப் பார்த்து எழுதிய மன்னர் முதலாம் ஜேம்ஸ். எல்லாருக்கும் கீழே மூலையில், கையில் ஒரு படத்தை ஏந்தியபடி ஓவியர் பிச்சித்ர். பேரரசர் கால் வைத்து ஏறும் முக்காலியில் தம் பெயரை எழுதியிருக்கிறார். அதைவிடப் பணிவான இடம் அந்தப் படத்தில் வேறில்லை. ஆனாலும் இங்கிலாந்து மன்னரோடு ஒரே வரிசையில் நிற்கும் துணிவும் அந்த மனிதருக்கு இருந்திருக்கிறது.

இப்படங்களைப் படிக்க இரண்டு சிறு குறிப்புகள் உதவும். 1614-இல் நோயிலிருந்து மீண்ட ஜஹாங்கீர், அஜ்மீர் குவாஜா முயினுத்தீன் சிஷ்தியின் அருளால் பிழைத்ததாக நம்பி, நேர்ந்துகொண்டபடி காது குத்தி முத்து அணிந்தார். அவையினர் பலரும் அப்படியே செய்தார்கள். ஆகவே ஜஹாங்கீர் காதில் முத்து இருந்தால் அந்தக் கோலம் 1614-க்குப் பிந்தையது. அடுத்தது ஜாமா என்ற மேலங்கியின் முடிச்சு. இந்துக்கள் அதை இடப்பக்க அக்குளிலும் முஸ்லிம்கள் வலப்பக்க அக்குளிலும் கட்டுவது வழக்கம். பெயர் எழுதாத படத்தில்கூட அந்த முடிச்சு பேசும்.

பெண்களின் முகங்கள் வேறு கதை. அரசகுலப் பெண்கள் அன்னிய ஆடவரின் பார்வைக்கு வராததால், அவர்களுடையவை என்று பெயர் சொல்லப்படும் முகங்களில் பல கற்பனையே. ஆனால் ஓவியர்களில் பெண்கள் இருந்தார்கள். நாதிரா பானு, சஹீஃபா பானு ஆகியோர் பெயர் தாங்கிய படங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன.

ஷாஜஹான் காலத்தில் (1628–1658) கை இன்னும் பக்குவப்பட்டது, பார்வை விறைத்தது. பேரரசர் எப்போதும் பக்கவாட்டில், தலையைச் சுற்றி ஒளிவட்டத்தோடு நிற்கிறார். 1631-இல் மும்தாஜ் இறந்தபின் தாடி நரைத்ததை மட்டும் ஓவியர்கள் மறைக்கவில்லை. இளவரசராக இருந்தபோது அபுல் ஹசன் எழுதிய தம் படத்தின் மேல், இது என் இருபத்தைந்தாம் வயதுச் சாயலை நன்றாகக் காட்டுகிறது என்று அவரே கைப்படக் குறித்துவைத்தார். தலைப்பாகை நகை ஒன்றைக் கையில் பிடித்த இளைஞர் அவர். முகத்தில் இன்னும் மென்மை இருக்கிறது. பளபளப்பில் ஷாஜஹான் காலமே மேல். முகம் எழுதுவதில் ஜஹாங்கீர் காலத்தை அது தாண்டவில்லை.

இந்தப் படங்களெல்லாம் சுவரில் மாட்ட எழுதியவை அல்ல. அவற்றின் வீடு ஆல்பம். பாரசீகத்தில் முரக்கா என்பார்கள். ஒவ்வோர் ஏட்டிலும் ஒருபுறம் படம், மறுபுறம் கையெழுத்துக் கலை. தைக்கும்போது, இரண்டு படங்கள் எதிரெதிராக வரும். பக்கம் புரட்டினால் இரண்டு எழுத்துப் பக்கங்கள் எதிரெதிராக வரும். தந்தைக்கு எதிரே மகன், ஒரு தளபதிக்கு எதிரே இன்னொரு தளபதி என்று முகங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். எழுத்துப் பக்கங்களில் பெரும் மதிப்பு, ஜஹாங்கீருக்கு முன்பே வாழ்ந்து மறைந்த ஹெராத் நகரத்து மீர் அலியின் கைக்குத்தான். நடுவில் உள்ள படத்தைச் சுற்றிக் கவிதை வரிகளை வெட்டி ஒட்டி, அதற்கும் வெளியே அகலமான ஓரம் விட்டு, பொன்னாலும் வண்ணத்தாலும் பூச்செடிகள் எழுதுவார்கள். ஓரத்துக்கென்றே தனிக் கலைஞர்கள் இருந்தார்கள். குல்ஷன் ஆல்பத்தின் ஓரம் ஒன்றில் தௌலத் என்பவர் தம் சக ஓவியர்களான அபுல் ஹசன், மனோகர், பிஷன்தாஸ், கோவர்தன் ஆகியோரையும் தம்மையும் எழுதியிருக்கிறார். அரசர்களின் முகத்தை எழுதியவர்களுக்கே முகம் கிடைத்த அந்தப் பக்கத்துக்கு ஈடாக வேறெதையும் சொல்லத் தோன்றவில்லை.

ஷாஜஹானின் மகன் தாரா ஷிகோ தம் மனைவி நாதிரா பானு பேகத்துக்குக் (முன்பு சொன்ன ஓவியர் அல்ல) கொடுத்த ஆல்பம் ஓரளவு முழுதாகத் தப்பிய அரிய ஒன்று. 1640-களில் தம் கையால் அன்போடு எழுதிய குறிப்புடன் கொடுத்தார். உள்ளே பூக்கள், பறவைகள், இளைஞர்கள், பெண்கள். 1659-இல் நாதிரா பயணத்தின் நடுவே இறந்தார். அதே ஆண்டு தம்பி அவுரங்கசீப்பின் ஆணையால் தாரா கொல்லப்பட்டார். ஆல்பத்தில் தாராவின் எழுத்துமேல் யாரோ பொன் பூசி மறைத்திருக்கிறார்கள். மறைத்த இடத்தின் கீழே எழுத்து இன்னும் தெரிகிறது. இப்போது அது பிரிட்டிஷ் நூலகத்தின் உடைமை.

மற்றவை சிதறின. 1739-இல் நாதிர் ஷா டெல்லியைச் சூறையாடியபோது பல ஏடுகள் ஈரானுக்குப் போயின. குல்ஷன் ஆல்பம் இன்று டெஹ்ரானின் கோலெஸ்தான் மாளிகை நூலகத்தில். பிச்சித்ரின் படம் இப்போது அமர்ந்திருக்கும் பூ ஓரமே 18-ஆம் நூற்றாண்டில் ஈரானில் சேர்த்ததுதான். 1929-இல் ஸ்காட்லாந்தின் பழம்பொருள் கடை ஒன்றில் ஒருவர் நூறு பவுண்டுக்கும் குறைவாகக் கொடுத்து ஓர் ஆல்பம் வாங்கினார். அது ஜஹாங்கீரும் ஷாஜஹானும் சேர்த்த ஏடுகளோடு 19-ஆம் நூற்றாண்டு நகல்களும் கலந்த ஐம்பது ஏடுகள் கொண்டது. பிறகு லண்டன் ஏலத்தில் அதை வாங்கியவர் கெவோர்க்கியன் என்ற கலைப்பொருள் வணிகர். 41 ஏடுகள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் ஒன்பது வாஷிங்டனிலும் உள்ளன. வியன்னாவின் ஷோன்ப்ருன் அரண்மனையில் நடந்தது இன்னும் வேதனையானது. முகலாய ஓவியங்களைத் துண்டு துண்டாக வெட்டி, புதிதாகச் சேர்த்து ஒட்டி, அறையின் மரச் சுவர்களில் பதித்துவிட்டார்கள்.

ஐரோப்பாவில் இவற்றைச் சரியான கண்ணோடு பார்த்தவர் ஆம்ஸ்டர்டாமில் இருந்தார். 1650-களின் பிற்பகுதியில், பெயரும் புகழும் பெற்ற ஓவியர் ரெம்ப்ராண்ட் அங்கே ஜஹாங்கீர், ஷாஜஹான், தாரா ஆகியோரின் படங்களைப் பார்த்து, விலையுயர்ந்த ஜப்பானியத் தாளில் இருபதுக்கு மேற்பட்ட நகல்களை எழுதினார். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதையில் ஓர் இழை உண்டு. வெனிஸில் பிறந்து சிறுவயதிலேயே இந்தியா வந்து, தாராவின் பீரங்கிப் படையில் இருந்த நிக்கோலாவ் மனுச்சி, பிற்காலத்தைச் சென்னையிலும் புதுச்சேரியிலும் கழித்தார். தெற்கே வருமுன், இளவரசர் ஷா ஆலமின் பணியில் இருந்த மீர் முகம்மது என்ற ஓவியரைக் கொண்டு, முகலாய அரசர்கள், இளவரசர்கள், தக்காணத்துத் தலைவர்கள் ஆகியோரின் உருவங்களை எழுதவைத்து ஓர் ஆல்பம் சேர்த்திருந்தார். தம் முகலாய வரலாற்று நூலுக்கு விளக்கப் படங்களாக அதைக் கைப்பிரதியோடு 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சுக்கு அனுப்பினார். அது பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. பிறகு சோழமண்டலக் கரையின் உள்ளூர் ஓவியர்களைக்கொண்டு கடவுளரையும் திருவிழாக்களையும் சடங்குகளையும் எழுதச் செய்த இன்னோர் ஆல்பமும் உண்டு. அது வெனிஸில் உள்ளது.

அவுரங்கசீப்பின் காலத்தில் அரண்மனை ஆதரவு வற்றியதும், ஓவியர்கள் வேறு அவைகளைத் தேடிப் போனார்கள். ராஜஸ்தான், பஞ்சாப் மலைநாடுகள், அவத், வங்காளம் எங்கும் முகம் எழுதும் பழக்கம் பரவியது. மலைநாட்டு நைன்சுக் தம் புரவலர் பல்வந்த் சிங்கை ஹூக்கா பிடிக்கும்போதும் தாடி திருத்திக்கொள்ளும்போதும் எழுதிய படங்கள், ஜஹாங்கீர் வளர்த்த பார்வையின் நேர் வாரிசுகள்.

டெல்லி தேசிய அருங்காட்சியகம், ராம்பூர் ரஸா நூலகம், பாட்னா குதா பக்‌ஷ் நூலகம், ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகம் ஆகியவற்றில் முகலாய ஏடுகள் உள்ளன. தாள் வெளிச்சம் தாங்காது என்பதால் எல்லாவற்றையும் எப்போதும் வெளியே வைக்க மாட்டார்கள். போகுமுன் கேட்டுக்கொள்வது நல்லது. பயணம் இயலாதவர்கள் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் ஷாஜஹான் ஆல்பத்தைத் தேடலாம். படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கலாம், காசு கிடையாது. முதலில் கண்ணிமையையும் காதோரத்து மயிரையும் பாருங்கள். பிறகு மறக்காமல் ஏட்டின் மறுபக்கத்தையும் திறந்து பாருங்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள் அடைத்த ஒருபக்கப் படமாக இவற்றைக் காட்டும் பழக்கத்தை நம் அருங்காட்சியகங்கள் கைவிட்டு, படத்தையும் எழுத்தையும் சேர்த்தே காட்ட வேண்டும்.